வெளியில் தெரியாத துப்பாக்கி

"தெரியுதா பாரு மச்சான்" என்று சொல்லிவிட்டு மாமா என் முன்னால் மெதுவாக ஒரு சுற்று சுற்றி நிற்பார். சட்டையின் வலப்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். தெரிகிறது என்று சொன்னால் முகம் வாடிவிடும். தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் வாடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலைக் கண்டுபிடிக்க நான் வருஷக்கணக்கில் முயன்று தோற்றேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். மீன்பிடிக்கப் போகும் படகுகளுக்கு ஐஸ்கட்டி போடுகிற தொழில். குள்ளமான, உருண்டையான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு. சீப்புக்கு வேலை கொடுக்கும்படி தலையில் எதுவும் கிடையாது. தேவையே இல்லாத பொருளை உடம்போடு வைத்துக்கொள்வது அவருக்குப் புதிய பழக்கமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டியிருந்தது. சின்னதாக, இடுப்பில் செருகினால் வெளியே தெரியாததாக.

இந்த ஆசை அவரைப் பிடித்தது திட்டக்குடியில், ஒரு கல்யாண மண்டபத்தில். நாங்கள் இருவரும் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிக் காற்று எங்கள் வரிசைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அப்போது அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் வந்தார். வந்தவர் கைக்குட்டை எடுப்பதற்காகச் சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். இடுப்பில் கறுப்பாக ஒரு பிடி தெரிந்தது. அவ்வளவுதான். முதல் வரிசை சோபாவில் இருந்த மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் உட்கார மூன்று இடம்.

மாமா அதற்குப் பிறகு தாலி கட்டியதைப் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்.

"கவனிச்சியா மச்சான்? அந்தாளு வாயே தொறக்கல."

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்குன்னு பேசிக்கிட்டாங்க மாமா."

"அதான் சொல்றேன். தொறக்க வேண்டிய அவசியமே இல்ல."

மறுநாளே துப்பாக்கி தேடும் படலம் தொடங்கியது. லைசென்ஸ் வாங்குவது அப்புறம். முதலில் எது நமக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும் என்றார். ஐஸ் கம்பெனி அறையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்ப்பார். அமெரிக்காவில் யார் யாரோ தொப்பைக்காரர்கள், பேன்ட்டுக்குள் துப்பாக்கியைச் செருகுவது எப்படி, குனிந்தால் எங்கே புடைக்கும், காரில் உட்கார்ந்தால் எங்கே குத்தும் என்று மணிக்கணக்கில் விளக்குவார்கள். மாமாவுக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரியும். தொப்பை முழுதாகப் புரிந்தது.

"எல்லாஞ் சரி. அவனுக்கு பெல்ட்டு இருக்கு. எனக்கு அரைஞாண் கயிறுதான இருக்கு. அதுல எதத் தொங்க வுடுறது?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காக்காரனுக்கு இது தோன்றவே இல்லை.

பிறகு ரிவால்வரா, பிஸ்டலா என்ற விசாரணை. ரிவால்வரில் குண்டு சிக்கிக்கொள்ளாது, எப்போது இழுத்தாலும் வெடிக்கும், ஆனால் நடுவில் இருக்கிற உருளை வேட்டியில் எலுமிச்சம்பழம் கட்டியதுபோலப் புடைத்துக்கொண்டு நிற்கும். பிஸ்டல் தட்டை, உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் பராமரிக்காவிட்டால் நேரம் பார்த்து மாட்டிக்கொள்ளும். ரொம்பச் சின்னதை வாங்கினால் மறைப்பது சுலபம். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும், எடை இல்லாததால் கையை உதைக்கும். பெரியதை வாங்கினால் கைக்கு அடங்கும், சட்டைக்கு அடங்காது. இதையெல்லாம் மாமா எனக்கு ரகசியமாகச் சொன்னார். எனக்கு மட்டுமல்ல, டீக்கடைக்காரருக்கும், படகுக்காரர்களுக்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஐஸ் கம்பெனி வைத்திருந்த பாய்க்கும் ரகசியமாகச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் கடைசியில், "வெளியில தெரியக் கூடாது, பாத்துக்குங்க" என்பார். துறைமுகத்தில் அந்த ரகசியத்தைக் கேட்காதவை மீன்கள் மட்டும்தான்.

வாங்குவதற்கு முன்னால் பழகிப் பார்க்க வேண்டும் என்று, படகு கட்டுகிற ஆசாரியிடம் சொல்லி வேப்பமரத்தில் இரண்டு துப்பாக்கி செய்யச் சொன்னார். ஒன்று ரிவால்வர் உருவம், ஒன்று தட்டையான பிஸ்டல். ஆசாரி செல்போனில் படத்தைப் பார்த்துச் செதுக்கினார். மரம் லேசாக இருக்கிறது, நிஜ எடை வேண்டும் என்று மாமா பிடிக்குள் துளை போடச் செய்து, வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை அடைக்கச் சொன்னார். படகுக்கு அடித்த கறுப்பு பெயின்ட்டில் மீதி இதற்கு வந்தது. காய்ந்தபின் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. கிட்டே போனால் படகு வாசனை அடித்தது.

அன்றிலிருந்து மரத்துப்பாக்கியோடு வாழ்க்கை. ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து பார்த்தார். விருந்துக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது தடவை சோறு வாங்கியதும் துப்பாக்கி வயிற்றைக் குத்த ஆரம்பித்ததால், அளவோடு சாப்பிட்டு எழுந்தார். அக்கா பல வருஷமாகச் சொல்லியும் நடக்காத காரியத்தை ஒரு வேப்பங்கட்டை நடத்திக் காட்டியது.

மாதம் ஒரு தடவை மாமா சிதம்பரம் கோயிலுக்குப் போவார். அங்கே ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சாமிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மாமா அதையே கடைசிப் பரீட்சையாக வைத்துக்கொண்டார். சட்டை போட்டு மறைப்பது எவனுக்கும் வரும், சட்டை இல்லாமல் மறைப்பதுதான் சாமர்த்தியம் என்றார்.

"சாமி கும்புடுற எடத்துல துப்பாக்கி எதுக்கு மாமா?"

"எதிரி சாமி கும்புட மாட்டானா?"

சொன்னபடியே மாமா ரிவால்வர் மாதிரியை வேட்டி மடிப்பில் செருகி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். சன்னதி வீதியில் வழக்கமாக அவருக்குப் பூ கொடுக்கிற அம்மா, இடுப்பையே உற்றுப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ஒரு பெருமிதம் ஏறத் தொடங்கியது.

"அய்யா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "எங்க வூட்டுக்காரருக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. கொடல் எறக்கம். வெயிட்டு தூக்காதீங்க. இங்கயே நல்ல டாக்டர் இருக்காரு."

மாமா அன்று சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய பிரார்த்தனையாக இருந்தது. விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் கடலூர் முதுநகரில் மாமாவுக்குக் குடலிறக்கம் என்பது உறுதியாகிவிட்டது. ஐஸ் தூக்குகிற ஆட்கள் அவரை ஒரு நாற்காலிகூட நகர்த்த விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, இது வேற" என்பார் மாமா. வேற என்றதும் அவர்கள் இன்னும் கவலைப்பட்டார்கள்.

ரிவால்வர் அன்றோடு தள்ளுபடி ஆனது. தட்டைப் பிஸ்டல் வலது இடுப்பின் பின்பக்கத்துக்குக் குடியேறியது.

அப்புறம்தான் லைசென்சுக்கு எழுதிப் போட்டார். அங்கே ஒரு சின்னச் சிக்கல் காத்திருந்தது. துப்பாக்கி கேட்கிறவர் தன் உயிருக்கு ஆபத்து இருப்பதாகக் காட்ட வேண்டும். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வியே, யாரால் ஆபத்து என்பதுதான். மாமா யோசித்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி யோசித்தார். ஆள் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. சுற்றுப்பட்ட மீனவக் குப்பங்களில் ஒரு சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்கு அடுத்த போன் மாமாவுக்குத்தான் வரும். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வரை உடம்பு தாங்க வேண்டும். குளிர்பெட்டி எல்லா இடத்துக்கும் உடனே வந்துவிடாது. மாமா ஐஸ்கட்டிகளை வண்டியில் ஏற்றி, தானும் ஏறிப்போய், உமி போட்டு அடுக்கிவிட்டுத்தான் வருவார். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. எங்கே போனாலும் அங்கே அழுகிறவர்களோடு சேர்ந்து கொஞ்சம் அழுதுவிட்டும் வருவார், செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும். இப்படி ஒரு மனிதனை எவன் கொல்ல வருவான்? கொன்றால் அவன் வீட்டுச் சாவுக்கு ஐஸ் யார் கொடுப்பது?

கடைசியில் மாமா எதிர்க் கம்பெனி பாயிடம் போனார். தொழில் போட்டி என்றால் நம்புவார்கள் அல்லவா.

"பாய், உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்குங்கண்ணே" என்றார் பாய். "ஆனா எதுக்கு ஒங்களக் கொல்லப் போறன்னு என்னையக் கேட்டா நான் என்னாண்ணே சொல்லுறது? போன வாரம் ஒங்க மிஷினு ரிப்பேராப் போனப்ப என் ஐஸத்தான ஒங்க படகுக்கெல்லாம் அனுப்புனேன்?"

மாமா வருத்தத்தோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்டபோது, "அதெல்லாம் ஆயிப்போச்சு" என்றார்.

நான் அப்போது குடிகாட்டில் குடியிருந்து, சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் ஒரு நல்ல வேலை அமைந்தது. இன்டர்வியூ முடிந்து, விசா போட பாஸ்போர்ட் வரவேண்டியதுதான் பாக்கி. அதற்கான விசாரணைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மேல ஒரு விஷயம் இருக்கேப்பா. கொலை மிரட்டல்."

"என் மேலயா? யாருக்கு சார்?"

"உங்க அக்கா வீட்டுக்காரருக்கு. குடிகாட்டு மனை தகராறுல அவர நீ தீத்துடுவன்னு எழுதிக் குடுத்துருக்காரு. துப்பாக்கி லைசென்சு கேட்டு."

குடிகாட்டு மனை என் அப்பா அக்காவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது. அதில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே நிற்கிற முருங்கை மரத்திலிருந்து கொஞ்சம் கீரை.

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். கொலைகாரன் என்று எழுதப்பட்டவன் எப்படிப் போவானோ அப்படியே போனேன். மாமா என்னைப் பார்த்ததும், "வா மச்சான், கலர் குடிக்கிறியா?" என்றார்.

"என் பேர ஏன் மாமா போட்ட?"

மாமா கொஞ்ச நேரம் தன் சீப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளு பேரப் போட்டா நாளைக்கு நெசமாவே பகையாயிடும் மச்சான். நீ நம்ம ஆளு. தப்பா நெனைக்க மாட்ட."

எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் எழுதிக் கொடுத்ததை உண்மையாக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆபத்து இல்லை என்று அவர் மாற்றி எழுதிக் கொடுத்தால் எனக்கு மஸ்கட். ஆபத்து இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. எத்தனையோ காலமாகத் தேர்ந்தெடுத்த துப்பாக்கியா, மச்சானா என்று மாமா முடிவு செய்ய வேண்டும். அவர் மூஞ்சியைப் பார்த்தால் முடிவு சுலபமாக இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருஷம் என் முன்னால் சுற்றிச் சுற்றி நின்ற மனிதரைப் பார்த்துச் சொன்ன பதிலெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

அக்கா இதில் நீளமாகப் பேசவில்லை. சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, "எந்தம்பி மஸ்கட்டு போவணும். கட்டைய வெச்சிகினு நீங்க எங்க வேணா போங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மாமா ஸ்கூட்டரைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறு" என்றார். ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஜன்னல் வழியாக நாங்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார்.

"இவருதான் உங்கள மெரட்டுன ஆளா?"

"ஆமாம்மா."

"ஒரே வண்டியிலயா வந்தீங்க?"

"தனித்தனியா வந்தா பெட்ரோலு ஜாஸ்தி ஆவுதும்மா."

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே ஒரு காகிதத்தைத் தள்ளி, எழுதிக் கொடுங்கள் என்றார். மாமா பேனாவைத் திறந்தார். மூடினார்.

"ஆபத்து இல்லன்னுதான் எழுதணுமா? இல்ல, ஆபத்து கொறஞ்சிருக்குன்னு எழுதலாமாம்மா?"

"இருக்கா, இல்லையா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஒரு தடவையாவது முறைத்துப் பாரேன் என்று அவர் கேட்பதுபோல எனக்குத் தோன்றியது. என்னால் முடியவில்லை. பாவமாக இருந்தது.

"இல்லம்மா" என்றார் மாமா. "எம் மச்சான் கோழி அறுக்குற எடத்துலகூட நிக்க மாட்டான்." அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோழியையும் சேர்த்து எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாமா முன்னால் போக, இன்ஸ்பெக்டர் என்னை மட்டும் நிறுத்தினார். "அவருக்கு இடுப்புல பின்னால கட்டி மாதிரி ஏதோ இருக்கே. கவனிங்க. இப்பல்லாம் சின்ன ஆபரேஷன்தான்."

சரிங்கம்மா என்று தலையாட்டினேன். வெளியே வந்தால், மாமா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அழுகைக்கு முந்தின நிலை. ஆனாலும் கேட்டார்.

"உள்ள இருந்தப்ப தெரிஞ்சுதா மச்சான்?"

"தெரியவே இல்ல மாமா."

"போலீசு கண்ணுக்கே தெரியல பாத்தியா" என்றார். "அப்ப இதான் சரியான சைசு." அவர் முகம் அந்தப் பதிலுக்கு மலர்ந்தது அன்று ஒருநாள்தான்.

நான் மஸ்கட் போனேன். லைசென்ஸ் வரவில்லை. இதனால் மாமாவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. துப்பாக்கி வாங்கியாகிவிட்டது என்று ரகசியமாக எல்லோருக்கும் சொன்னார். ஏன் வாங்கினார் என்று கேட்டவர்களிடம் பெருமூச்சு விட்டு, "சொந்த மச்சான்தான். என்னா பண்றது. பொழைக்கட்டும்னு வெளிநாட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேன்" என்றாராம். நான் லீவில் ஊருக்கு வந்தால் துறைமுகத்தில் பேச்சு அடங்கும். டீக்கடையில் எனக்கு மட்டும் தனி பெஞ்சு. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. திட்டக்குடி சோபாவுக்கு மாமா ஆசைப்பட்டார், அது எனக்குக் கிடைத்தது.

தேர்தல் வந்தால் மாமாவுக்குத் திருவிழா. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்தச் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மாமா மஞ்சள் பையில் மரப்பிஸ்டலைப் போட்டு, பட்டப்பகலில் கடைவீதி வழியாக, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டு போவார். ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவார். கோயில் குளக்கரையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்துவிட்டு, கட்டை உள்ளே இருப்பது தெரியாதபடி பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்புவார். ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் இடுப்பில் எதுவும் இல்லாமல் தளர்ந்து நடப்பார். சட்டத்தை அவ்வளவு மதித்த ஆயுதக்காரரை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் மஸ்கட்டிலிருந்து வந்து சேரும் வரை உடம்பை வைத்திருந்தார்கள். குளிர்பெட்டி வந்திருந்தது. ஆனாலும் குப்பத்து ஆட்கள் அவர் கம்பெனி ஐஸைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். பாய் அடுக்கியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. எல்லோருடைய கண்ணும் என் கைகள் மேல் இருந்தது.

நான் அழுதேன். தாங்க முடியாமல்தான் அழுதேன். படகுக்காரர் ஒருவர் வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஒங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும் தம்பி. போனவரு போயிட்டாரு. இன்னமே மனசுல எதையும் வெச்சிக்காதீங்க."

தூரத்தில் பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"பெரிய பகைங்க" என்றேன் நான். "அவரு துப்பாக்கி மட்டும் வெச்சிருக்கலன்னா என்னென்னமோ நடந்துருக்கும்." படகுக்காரர் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

கோடித்துணி போட்டு முடிந்தபின் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலைப் பெட்டி, சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு என்று கூட வைத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா யாருக்கும் தெரியாமல் அந்த வேப்பங்கட்டையை அவருடைய வலது இடுப்பில் துணிக்கு அடியில் செருகியிருந்தாள்.

"தெரியுதாடா?" என்றாள், அழுதுகொண்டே.

பார்த்தேன். தட்டைப் பிஸ்டல்தான். ஆனால் மல்லாந்து படுத்திருப்பவரின் மேல் மெல்லிய துணி போர்த்தினால் என்ன ஆகும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. பிடி, குழாய், விசை எல்லாம் அச்சு அசலாக எழும்பி நின்றது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்கள்.

"தெரியுதுக்கா" என்றேன். "எல்லாருக்கும் நல்லாத் தெரியுது."